ஒரு பிரதி, எத்தனை பேருக்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், டிஸ்க்காக அல்லாமல் டிஜிட்டல் முறையில் வீடியோ கேம் வாங்குவது பற்றி வெளியான குறிப்புக்கு வந்த கடிதங்களில் பலவும், சொற்கள் வேறானாலும், ஒரே மனக்குறையைத்தான் சொல்கின்றன: பணம் கொடுத்து வாங்கியதை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க இத்தனை நிபந்தனைகள் எதற்கு? அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே விடையில் அடங்கக்கூடிய கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கணினியில் விளையாடுவதற்காக ஸ்டீம் என்னும் டிஜிட்டல் கேம் கடையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். என் மகனும் மகளும் அதே கணக்கில்தான் விளையாடுகிறார்கள். ஒருவர் ஒரு கேமைத் திறந்தால், மற்றவருடைய கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கேம் நின்றுவிடுகிறது. இருவரும் திறப்பவை வெவ்வேறு கேம்கள் என்றாலும் இதே கதைதான். நாள்தோறும் சண்டை. இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் கேம்களின் பற்றாக்குறை அல்ல, கணக்குகளின் பற்றாக்குறை. ஸ்டீம் ஒரு கணக்கை ஓர் ஆளாகவே கருதுகிறது. ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் விளையாட வாய்ப்பில்லை என்பதால், இரண்டாவது கணினியில் விளையாட்டுத் தொடங்கியதும் முதலாவதை நிறுத்திவிடுகிறது. ஆகவே மகனுக்கும் மகளுக்கும் தனித்தனிக் கணக்குகளை இலவசமாகத் தொடங்கி, மூன்று கணக்குகளையும் ஸ்டீமின் குடும்ப வசதியில் இணைத்துவிடுங்கள்.

இந்த வசதிக்கு ஒரு முன்கதை உண்டு. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013-இல் முதன்முதலாக ஒரு பகிர்வு முறையை அறிவித்தது. அதன்படி ஒருவர் தம் நூலகத்தை, அதாவது தாம் வாங்கிய கேம்களின் தொகுப்பை, 5 கணக்குகளுக்கும் 10 கணினிகளுக்கும் திறந்துவிடலாம். ஆனால் உரிமையாளர் தம் நூலகத்திலுள்ள எந்த கேமைத் தொடங்கினாலும், அங்கிருந்து வேறொரு கேமை எடுத்து விளையாடிக்கொண்டிருப்பவருக்குச் சில நிமிட அவகாசம் தரப்பட்டு, அதன் பின் அவர் வெளியேற்றப்படுவார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை ஒருவர் உருவியதும் வாசகசாலையையே பூட்டிவிடுவதைப் போன்ற இந்த விதி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நீடித்தது. 2024 செப்டம்பரில் முழுமையாக வெளியான புதிய குடும்ப வசதிதான் இதை மாற்றியது. இப்போது உங்களையும் சேர்த்து 6 பேர் வரை ஒரு குடும்பமாக இணையலாம். அறுவருடைய நூலகங்களிலும் உள்ள, பகிரத்தக்க கேம்கள் யாவும் ஒரே தொகுப்பாக எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஒன்றையும் மகன் இன்னொன்றையும் மகள் மூன்றாவது ஒன்றையும் ஒரே நேரத்தில் விளையாடலாம். யாரும் யாரையும் வெளியேற்றுவதில்லை.

எஞ்சியிருக்கும் வரம்பு பிரதிகளின் எண்ணிக்கை மட்டுமே. குடும்பத்தில் ஒரு கேமின் ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால், ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதை விளையாட முடியும். இருவர் சேர்ந்தோ எதிரெதிராகவோ அதே கேமை இணையவழியில் விளையாட விரும்பினால் இரண்டு பிரதிகள் வேண்டும். இந்த வரம்பை என்னால் குறை சொல்ல முடியவில்லை; ஒரு டிஸ்க்கை இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் போட்டு விளையாட முடியாது அல்லவா?

இணைப்பதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் கேம்களும் குடும்பத் தொகுப்புக்குள் வருவதில்லை. வேறொரு நிறுவனத்தின் கணக்கையோ சந்தாவையோ கோருபவையும், தயாரித்தவர்கள் பகிர்வுக்கு இசைவு தராதவையும் வெளியே நின்றுவிடும். ஒரு கேமின் கடைப்பக்கத்தில் அது குடும்பப் பகிர்வுக்கு உரியதா என்ற குறிப்பு இருக்கும். வாங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகள், அவை எந்தப் பிரதிக்காக வாங்கப்பட்டனவோ அதனோடு ஒட்டியவை. மகனிடம் மூல கேமும் உங்களிடம் அதன் கூடுதல் பகுதியும் இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடாது. பிள்ளைகளுக்கு வருத்தம் தரக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. முன்னேற்றமும் சாதனைகளும் கணக்கோடு பிணைந்தவை என்பதால், இதுநாள்வரை உங்கள் கணக்கில் அவர்கள் எட்டிய நிலைகள் புதிய கணக்குகளுக்குத் தாமாக வந்துசேர மாட்டா. சில கேம்களின் சேமிப்புக் கோப்புகளைக் கையால் நகலெடுத்து மாற்றலாம். பலவற்றில் மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஒருநாள் அழுகையைத் தாங்கிக்கொண்டால் நாள்தோறும் நடக்கும் சண்டை ஓயும்.

கேள்வி: நானும் அண்ணனும் ஸ்டீமில் ஒரே குடும்பமாக இருந்தோம். அண்ணன் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபின், அங்கே உடன் தங்கியிருப்பவர்களுடைய குடும்பத்தில் சேர்வதற்காக எங்கள் குடும்பத்திலிருந்து விலகினார். இப்போது அவரால் அதில் சேர முடியவில்லை. அவருடைய இடத்தில் என்னாலும் வேறொருவரைச் சேர்க்க முடியவில்லை. இது கோளாறா?

பதில்: கோளாறு அல்ல, விதி. குடும்பத்தில் இருக்கும் வயதுவந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் அவர் அந்தக் குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை வேறொரு குடும்பத்தில் சேரவோ புதிதாக ஒன்றைத் தொடங்கவோ முடியாது. காலியான இடத்துக்கும் ஓராண்டுக் காத்திருப்பு உண்டு. விலகிய நாளிலிருந்து அல்லாமல் சேர்ந்த நாளிலிருந்து ஆண்டு கணக்கிடப்படுகிறது என்பதே ஆறுதல்; உங்கள் அண்ணன் பத்து மாதங்களுக்கு முன் சேர்ந்திருந்தால் இன்னும் இரண்டே மாதங்கள்தான்.

இந்தக் காத்திருப்பின் நோக்கம் வெளிப்படை. ஆறு இடங்களையும் வாரந்தோறும் வெவ்வேறு நண்பர்களுக்குச் சுழற்சி முறையில் கொடுப்பதைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட பூட்டு இது. குடும்பம் என்றால் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் என்பதே வால்வ் நிறுவனம் தரும் விளக்கம். உங்கள் கடிதம் காட்டுவதுபோல, வெளியூர் போன அண்ணனைக் குடும்பத்திலிருந்து கழித்துவிட்டு, அவருடன் அறையைப் பகிரும் முன்பின் தெரியாதவரைக் குடும்பம் என்று ஏற்கும் விளக்கம் அது. மனிதர்களுடைய வாழ்க்கைக்கு இது பொருந்தவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். எனினும், ஒப்பந்தத்துக்கு இசைவு தந்த பின்பு நாம் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. யாரை அழைப்பது என்பதை ஓராண்டுக்கான முடிவாகக் கருதி அழையுங்கள்.

கேள்வி: என் தம்பி எனது பிரதியில் விளையாடும்போது ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்திப் பிடிபட்டால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரும். உங்களுடைய பிரதியில் விளையாடிய உறுப்பினர் ஏமாற்றியதற்காகத் தடைசெய்யப்பட்டால், அந்த கேமில் உரிமையாளராகிய உங்களுக்கும் தடை விழும். குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களை அது பாதிக்காது. தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு பிளேஸ்டேஷன் 5 கருவிகள் உள்ளன. டிஜிட்டல் கேம்கள் அனைத்தும் என் கணக்கில் இருக்கின்றன. கூடத்தில் உள்ள கருவியில் நான் விளையாடும்போது, அறையில் உள்ள கருவியில் என் மனைவியால் தம் சொந்தக் கணக்கில் அவற்றைத் திறக்க முடியவில்லை. பூட்டுச் சின்னம்தான் தெரிகிறது. இரண்டு முறை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓர் அமைப்பை இடம் மாற்றினால் போதும். ஆனால் அது நாம் இயல்பாக நினைப்பதற்கு நேர்மாறாக இருப்பதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கன்சோல் எனப்படும் இத்தகைய விளையாட்டுக் கருவியில் ஒரு டிஜிட்டல் கேமைத் திறக்கும்போது, இரண்டு அனுமதிகளில் ஏதேனும் ஒன்று இருக்கிறதா என்று கருவி பார்க்கிறது. முதலாவது, ஆளுக்கு உரியது: வாங்கிய கணக்கின் உரிமையாளரே உள்நுழைந்திருக்கிறாரா? இரண்டாவது, கருவிக்கு உரியது: அந்த உரிமையாளர் தம்முடையது என்று பதிந்துவைத்த கருவி இதுதானா? பதிந்த கருவியாக இருந்தால், அதில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உரிமையாளருடைய கேம்களை, இணையம் இல்லாதபோதும் விளையாடலாம். பிளேஸ்டேஷன் 5-இல் இந்தப் பதிவுக்குக் கன்சோல் பகிர்வு மற்றும் ஆஃப்லைன் விளையாட்டு என்று பெயர். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பிளேஸ்டேஷன் 5-இல்தான் அதை இயக்கிவைக்க முடியும். நீங்கள், எல்லோரையும் போலவே, நீங்கள் அமரும் கூடத்துக் கருவியில் அதை இயக்கியிருப்பீர்கள். அங்கே உங்களுக்கு அது தேவையே இல்லை. உங்களுக்குத்தான் ஆளுக்கு உரிய அனுமதி எங்கு சென்றாலும் கூடவே வருகிறதே! கூடத்துக் கருவியில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, அறையில் உள்ள கருவியில் உங்கள் கணக்கால் ஒருமுறை உள்நுழைந்து அதை இயக்குங்கள். அதன்பின் உங்கள் மனைவி தம் கணக்கிலேயே விளையாடலாம். நீங்கள் கூடத்தில் உங்கள் கணக்கில் விளையாடலாம். பெரும்பாலான கேம்களில், ஒரே பிரதியை இருவரும் ஒரே நேரத்தில் விளையாடுவதும்கூட இயலும். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒன்றுதான்: இணையம் துண்டிக்கப்பட்டால் கூடத்துக் கருவியில் டிஜிட்டல் கேம்கள் திறக்காது.

மைக்ரோசாப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸிலும் இதே தருக்கம்தான். அங்கே பதிந்த கருவி வீட்டு எக்ஸ்பாக்ஸ் எனப்படுகிறது, அதை ஓராண்டில் 5 முறைதான் மாற்றலாம். கருவிகளின் எண்ணிக்கையை நிறுவனங்கள் ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்று வியப்பவர்கள் பிளேஸ்டேஷன் 3-இன் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அப்போது ஒருமுறை வாங்கியதை 5 கருவிகளில் இயக்கலாம். ஒருவரையொருவர் நேரில் பாராதவர்கள்கூடச் சேர்ந்து விலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2011 நவம்பரில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அந்த எண்ணிக்கையை 2 ஆகக் குறைத்தது.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2025-இல் வேறொரு வழிக்குத் திரும்பியது. டிஜிட்டல் கேம் அங்கே ஒரு மெய்நிகர் கேம் கார்டு. அதை ஒரு கருவியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். ஒரு கணக்கை இவ்வாறு இரண்டு கருவிகளோடு இணைக்கலாம். 8 பேர் வரை கொண்ட குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு ஒரு கார்டை 14 நாட்களுக்கு இரவலாகவும் தரலாம். தரும் நேரத்தில் இரு கருவிகளும் அருகருகே இருக்க வேண்டும். இரவல் போன காலத்தில் உரிமையாளர் அதை விளையாட முடியாது. கெடு முடிந்ததும் கார்டு தானாகவே திரும்பிவிடும். இரவல் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் கேட்கத் தயங்கி நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி ஏற்பாடு பெரிய உதவி.

கேள்வி: குடும்பம் சரி. நண்பனுக்கு ஒரு வாரம் ஒரு கேமைக் கொடுக்க நேர்மையான வழியே கிடையாதா? கடவுச்சொல்லைக் கொடுத்தால் என்ன?

பதில்: டிஜிட்டல் பிரதியைப் பொறுத்தவரை, நண்பர் என்ற உறவைப் பெரிய கடைகளின் விதிகள் அறியா. ஒரே ஒருமுறை அந்தக் கதவு திறப்பதுபோல் தோன்றியது. 2013 ஜூனில் மைக்ரோசாப்ட், வரவிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்காக ஒரு திட்டத்தை வெளியிட்டது. குடும்பத்தினர் 10 பேர் வரை ஒரு நூலகத்தைப் பகிரலாம். குறைந்தது 30 நாட்களாக நண்பர் பட்டியலில் இருப்பவருக்கு ஒரு கேமை ஒரே ஒருமுறை கொடுத்துவிடலாம். ஆனால் அதனோடு, கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும், டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கான கட்டுப்பாடுகளும் வந்தன. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. போட்டியாளரான சோனி, ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்க் பெட்டியைக் கொடுப்பதை மட்டுமே காட்டி, பயன்படுத்திய கேமுக்கான செயல்முறை விளக்கம் என்று தலைப்பிட்டுக் கேலியாக ஒரு காணொளியை வெளியிட்டது. அம்மாதம் 19-ஆம் நாள் மைக்ரோசாப்ட் திட்டத்தைக் கைவிட்டபோது, மக்கள் வெறுத்த சரிபார்ப்போடு பகிர்வும் போய்விட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும், அன்று நாம் காப்பாற்றிக்கொண்டது டிஸ்க்கின் உரிமையை. டிஸ்க்கோ பிறகு ஆண்டுதோறும் அருகிக்கொண்டே வருகிறது.

ஆகவே நண்பருக்கு இரவல் கொடுப்பது உங்களுக்கு முக்கியம் என்றால், டிஸ்க்கோ கார்ட்ரிட்ஜோ கிடைக்கும் இடத்தில் அதையே வாங்குங்கள். நண்பர் ஒரு வாரம் தனியே விளையாட வேண்டும் என்பதல்ல, உங்களோடு விளையாட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் நேர்மையான வழிகள் சில இருக்கின்றன. ஒரே திரையில் பலர் விளையாடக்கூடிய கேம்களை, ஸ்டீமின் ரிமோட் பிளே டுகெதர் வசதியால், கேம் இல்லாத நண்பரும் தம் வீட்டிலிருந்தே உங்களோடு விளையாடலாம். கேம் ஓடுவது உங்கள் கணினியில், அவருக்குப் போவது படம் மட்டும். பிளேஸ்டேஷனின் ஷேர் பிளேயும் ஏறத்தாழ இத்தகையதே. இட் டேக்ஸ் டூ போன்ற சில கேம்களில், ஒருவர் வாங்கினால் உடன் விளையாடுபவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ள நண்பர் அனுமதி என்ற ஒன்றைத் தயாரித்தவர்களே வழங்குகிறார்கள்.

கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்துக்கு முரணானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கணக்கில் உங்கள் பல ஆண்டுச் சேமிப்பும், ஒருவேளை பணம் செலுத்தும் அட்டையும் இருக்கின்றன. நண்பர் நல்லவராக இருக்கலாம். அவருடைய கணினியில் இருக்கும் தீநிரல் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. நண்பர் செய்யும் ஏமாற்று வேலைக்கும் தண்டனை உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

கேள்வி: வாங்கிய புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்கலாம், விற்கலாம். வாங்கிய கேமுக்கு மட்டும் சட்டம் ஏன் வேறாக இருக்கிறது?

பதில்: நீங்கள் வாங்கியது கேம் அல்ல என்பதுதான் கடைகளின் வாதம். புத்தகத்தில் ஒரு பொருள் கைமாறுகிறது; அந்தப் பொருளின் மீது பதிப்பாளருக்கு உள்ள பிடி முதல் விற்பனையோடு தீர்ந்துவிடுகிறது. டிஜிட்டல் கடையில் கைமாறுவது ஒரு உரிமம்: குறிப்பிட்ட கணக்கில் உள்ளவர், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விளையாடிக்கொள்ள ஓர் அனுமதி.

இந்த வாதம் எதிர்ப்பில்லாமல் நிலைத்துவிடவில்லை. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையோடு விற்கப்பட்ட மென்பொருளை, பதிவிறக்கம் செய்யப்பட்டதாக இருந்தாலும், மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நம்பிக்கையில் பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யூஎஃப்சி கே ஷுவாசிர் வால்வ் மீது தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்வதைத் தடுக்கக் கூடாது என்றது. ஆனால் 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. வீடியோ கேம் வெறும் நிரல் அல்ல, படமும் இசையும் கதையும் கலந்த படைப்பு. ஆகவே மென்பொருளுக்கான விதி அதற்குப் பொருந்தாது என்பது அதன் பார்வை. பயன்படுத்திய டிஜிட்டல் பிரதி, பயன்படுத்திய புத்தகத்தைப் போல் தேய்வதோ கிழிவதோ இல்லை, அது எப்போதும் புதியதே என்ற கவலையும் இத்தகைய வழக்குகளில் எழுப்பப்படுகிறது. அது பொய்யான கவலை அல்ல. என் மனக்குறை வேறு: அனுமதியை விற்பவர்கள் பொத்தானில் மட்டும் "வாங்கு" என்று எழுதுவது ஏன்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதைத்தான் கேட்டது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலச் சட்டப்படி, விற்கப்படுவது உரிமமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்காமல், டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஸ்டீமின் பணம் செலுத்தும் பக்கத்தில் அத்தகைய அறிவிப்பு தோன்றிவிட்டது.

கேள்வி: கைப்பேசி கேம்களைக் குடும்பத்தோடு பகிரலாமா?

பதில்: ஆப்பிளிலும் கூகுள் பிளேயிலும் உங்களோடு மேலும் 5 பேரைக் குடும்பமாக இணைத்து, விலை கொடுத்து வாங்கிய செயலிகளில் தகுதியுள்ளவற்றைப் பகிரலாம். ஆனால் கேமுக்கு உள்ளே வாங்கும் நாணயங்கள், வைரங்கள் போன்றவை பகிரப்படுவதில்லை. கைப்பேசி கேம்களில் செலவாகும் பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது என்பதால், இந்த வசதியால் கிடைக்கும் பயன் சொற்பமே.

கேள்வி: எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஸ்டீமில் பல ஆண்டுகளாகச் சேர்த்த கேம்களை மகளுக்கு உயில் எழுதிவைக்கலாமா?

பதில்: உயிலில் எழுதலாம், ஸ்டீமின் ஒப்பந்தம் அதை ஏற்காது. கணக்கை மற்றவருக்கு மாற்றித்தர முடியாது என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மகளை இப்போதே உங்கள் ஸ்டீம் குடும்பத்தில் சேர்த்தால் அவர் உங்கள் பிரதிகளில் விளையாடலாம். எனினும் அவை உங்கள் கணக்குக்கு உரியவையாகவே இருக்கும். டிஸ்க்காக உள்ளவை வீட்டிலுள்ள மற்ற பொருட்களைப் போல அவரைச் சேரும். ஜிஓஜி போன்ற, நகல் பூட்டு இல்லாமல் விற்கும் கடைகளில் வாங்கியவற்றின் நிறுவல் கோப்புகளை வன்தட்டில் பதிந்துவைத்தால் அவை கணக்கின் துணையின்றியே இயங்கும்; அவற்றின் உரிமமும் உங்களுக்கு மட்டுமானதுதான் என்றாலும், கோப்பு அழியாது.

இனி வாங்கப்போகிறவற்றுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. மகளுக்கும் பிடிக்கும் என்று தோன்றும் கேம்களை உங்கள் கணக்கில் வாங்காமல், அவருடைய கணக்குக்குப் பரிசாக வாங்கி அனுப்பிவிடுங்கள். நீங்கள் விளையாட ஆசைப்படும்போது, குடும்பத் தொகுப்பிலிருந்து மகளுடைய பிரதியை நீங்கள் இரவல் எடுத்துக்கொள்ளலாம்.